கல்லும் இரும்பும் காணியுறுதியும்: சப்ரகமுவத் தொல்லியற் கண்டுபிடிப்புகள் பற்றிய ஒரு நோக்கு

அண்மைக் காலத்தில் தமிழ் வழங்கும் நாடுகளிலே தொல்லியலுக்குக் கிட்டியுள்ள செல்வாக்கு இதற்கு முன்னர் எக்காலத்திலும் கிட்டியதில்லை எனலாம். 2015ஆம் ஆண்டில் வைகைக் கரையிலுள்ள கீழடியில் அகழாய்வு தொடங்கியது முதல், பானையோட்டின் மீதுள்ள இரண்டெழுத்துக் கீறல்கூடப் பத்திரிகையின் முதற்பக்கத்துக்கு உரிய செய்தியாகிவிட்டது. 2025ஆம் ஆண்டு சனவரியிற் சிவகளையிற் கிடைத்த இரும்பின் காலம் கி.மு. நான்காம் ஆயிரவாண்டெனத் தமிழ்நாட்டரசு அறிவித்தபோது எமது விடுதிகளிலும் அது பேசப்பட்டது. எமது நாட்டிலும் இத்தகைய மகிழ்ச்சிக்குக் குறைவில்லை. 1980இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தார் ஆனைக்கோட்டையிற் கண்டெடுத்த முத்திரையைத் தமிழ் மாணவர் அறியாதிருத்தல் அரிது. அநுராதபுரத்துப் பிராமி எழுத்துப் பொறித்த ஓடுகளைச் சிங்கள மாணவரும் அறிவர்.

இவ்வுரையாடல்களிலே ஒருபொழுதும் இடம்பெறாத நிலப்பகுதி ஒன்றுண்டு. அது சப்ரகமுவ. இரத்தினபுரி, கேகாலை ஆகிய இரு மாவட்டங்களையும் கொண்ட இம்மாகாணம் பண்டைத் துறைமுகம் எதனையும் பெற்றிருக்கவில்லை; அநுராதபுரம் போன்ற நகரும் இங்கு எழவில்லை. மழை, மாணிக்கம், இறப்பர், தேயிலை என்பனவே இதன் பெயரோடு நினைவுக்கு வருவன. ஆயினும் உலகத் தொல்லியலாளர் இலங்கையைப் பற்றிப் பேசும்போது முதலிற் குறிப்பிடும் இடங்களுட் பல இம்மாகாணத்திலும் இதன் எல்லையிலுமே உள்ளன. இவ்விடங்கள் எதனைச் சொல்கின்றன, நாம் அவற்றை எவ்வாறு வாசித்து வருகின்றோம் என்னும் இரு வினாக்களே இக்கட்டுரைக்குப் பொருளாவன. இரண்டாவதே எனக்கு முக்கியமானது.

இங்குத் தொல்லியல் தொடங்கிய வரலாறு சுவையானது. இலங்கையிற் கற்காலக் கருவிகளை முதலில் இனங்கண்டவர்கள் 1885ஆம் ஆண்டளவில் மத்திய மலைநாட்டில் வாழ்ந்த கிறீன், போல் என்னும் இரு ஆங்கிலேயர். அவருட் போல் என்பார் தோட்டத்துரை. காடழித்து, வடிகான் வெட்டி, கன்று நடக் குழி தோண்டிய இடங்களிலே வெண்படிகக் கற்சில்லுகள் வெளிப்பட்டன. துரை அவற்றைப் பொறுக்கிச் சேர்த்தார். மண்வெட்டியைப் பிடித்திருந்த கைகள் எவருடையவை என்பதை எந்த நூலும் கூறவில்லை. கூறாமலே நமக்கு விளங்கும். இரத்தினபுரியில் மாணிக்கக் குழிகள் இதே பணியைச் செய்தன. இல்லம் எனப்படும் மாணிக்கப் பரலைத் தேடித் தோண்டியவர்கள் நீர்யானை, காண்டாமிருகம், சிங்கம் முதலிய, இன்று இத்தீவிலே இல்லாத விலங்குகளின் எலும்புகளையும் பற்களையும் மேலே கொணர்ந்தனர். அவற்றை ஆராய்ந்து பெயரிட்டவர் தேசிய நூதனசாலைகளின் பணிப்பாளராயிருந்த பீ. ஈ. பீ. தெரணியகல. காண்டாமிருகத்துக்கும் நீர்யானைக்கும் சிங்கத்துக்கும் அவர் சூட்டிய இலத்தீன் அடைமொழி சிங்களத் தீவைக் குறிக்கும் 'சிங்ஹலேயஸ்' என்பதாகும். விலங்கியலாளர் நாட்டின் பெயரால் விலங்குக்குப் பெயரிடுவது வழக்கமே. அதிற் குற்றங்காண்பது முறையன்று. எனினும், மொழிகள் தோன்றுவதற்கு எத்தனையோ காலம் முன்னரே இறந்துபட்ட நீர்யானைக்கும் ஓர் இனப்பெயர் வாய்த்துவிட்டதை எண்ணுகையிற் சிரிப்புண்டாகாமலில்லை. பின்னர் நிகழ்ந்தவற்றுக்கு அது நல்லதொரு சகுனம்.

தெரணியகல 'பலாங்கொடை மனிதன்' என்று பெயரிட்ட ஆதிமனிதன் இன்று பாடசாலைப் பிள்ளைகளும் அறிந்தவன். குருவிட்டைக்கு அண்மையில், சிவனொளிபாத மலையின் அடிவாரத்திலுள்ள பட்டதொம்பலென என்னும் குகையிலும், கேகாலை மாவட்டத்துக் கித்துல்கலவிலுள்ள பெலிலெனவிலும், எம்பிலிப்பிட்டியவுக்கு அண்மையிலுள்ள பெல்லன்பெந்திபெலஸ்ஸவிலும் அவனுடைய எச்சங்கள் கிடைத்தன. தந்தையார் தொடக்கிய பணியை மைந்தர் சிரான் தெரணியகல விஞ்ஞான முறையில் வளர்த்து, 1992இல் இலங்கையின் வரலாற்றுக்கு முற்பட்ட காலம் பற்றிய பெருநூலாக வெளியிட்டார். அந்நூல் தந்த அதிர்ச்சி முக்கியமானது. முக்கோணமும் பிறையும் சரிவகமுமாகச் செதுக்கிய நுண்கற்கருவிகள், ஐரோப்பிய வரன்முறைப்படி, பனிக்காலம் முடிவுற்ற பின்னர், அதாவது இற்றைக்கு ஏறத்தாழப் பன்னீராயிரம் ஆண்டுகளுக்குப் பின்னரே பெருவழக்காயின. பட்டதொம்பலெனவிலோ அவை முப்பதாயிரம் ஆண்டுகளுக்கும் முற்பட்ட படைகளிற் கிடந்தன. நிமல் பெரேராவும் அவருடன் பணியாற்றியோரும் 2011இல் வெளியிட்ட மீளாய்வு அக்காலத்தை ஏறத்தாழ 36,000 ஆண்டுகளென உறுதிப்படுத்தியது.

அக்குகைகளிலே கிடந்தவற்றைச் சற்று நின்று நோக்குதல் தகும். கல்லைக் காட்டிலும் எலும்பும் ஓடும் அங்கே மிகுதி. குரங்கு, மந்தி, மலையணில் ஆகியவற்றின் எலும்புகள், மரத்திலும் ஆற்றிலும் வாழும் நத்தைகளின் கோதுகள், கெக்குன மரத்தின் கொட்டைகள், காட்டுப் பலாவினதும் காட்டு வாழையினதும் கரிந்த எச்சங்கள் என்பன குவிந்து கிடந்தன. இவற்றோடு கடற்சிப்பியால் ஆகிய மணிகளும், சுறாவின் முள்ளெலும்பில் ஆகிய மணியொன்றும் கிடைத்தன. மலையடிவாரக் காட்டிற் குரங்கு தின்று வாழ்ந்த ஒருவன் கழுத்திலே கடலை அணிந்திருந்தான். அதனை அவன் நடந்து சென்று பெற்றானா, கைமாறிக் கைமாறி வந்ததா என்பது தெரியாது. எவ்வாறாயினும் காட்டுக்கும் கரைக்குமிடையே ஆட்கள் போக்குவரத்துச் செய்தனர் என்பது துணிபு.

மழைக்காடு மனிதன் வாழத் தகாத பசும் பாலைநிலம் என்பதும், ஆபிரிக்காவை விட்டுப் புறப்பட்ட மனிதன் கடற்கரையோரமாகவும் புல்வெளி வழியாகவுமே பரவினான் என்பதும் நெடுங்காலம் நிலவிய கொள்கைகள். அவற்றை ஆட்டங்காணச் செய்த சான்றுகளுட் பெரும்பகுதி இங்கிருந்தே சென்றது. 2015இற் பட்றிக் றொபேட்சும் அவருடன் பணியாற்றியோரும் பட்டதொம்பலென, கூரகல, பெல்லன்பெந்திபெலஸ்ஸ ஆகியவற்றிலிருந்தும், அண்டை மாவட்டமாகிய களுத்துறையின் பாகியன்லெனவிலிருந்தும் கிடைத்த 26 மனிதரின் பற்களிற் காபன், ஒட்சிசன் சமதானிகளை அளந்தனர். அம்மனிதர் பஞ்சத்திற்கொருமுறை காட்டுக்குள் ஒதுங்கியவரல்லர், காட்டு உணவையே நம்பி வாழ்ந்தவர் என்பது தெளிவாயிற்று. 2019இல் ஒஷான் வெதகே முதலியோர் பாகியன்லெனவில் ஏறத்தாழ 45,000 ஆண்டுகளுக்கு முன்னரே குரங்கும் அணிலும் திட்டமிட்டு வேட்டையாடப்பட்டதைக் காட்டினர். கொல்லப்பட்டவற்றுட் பெரும்பாலானவை வளர்ந்த விலங்குகள். குட்டிகளை அழித்து இனத்தைக் கெடுக்கும் வேட்டையன்று அது. அடுத்த ஆண்டு மிசெல் லாங்லி முதலியோர் அக்குகையின் 130 எலும்பு முனைகளை ஆராய்ந்து, அவற்றுட் பல அம்பு முனைகள் எனவும், வில்லம்பு அங்கு 48,000 ஆண்டுகளுக்கு முன்னரே வழங்கிற்று எனவும் வாதிட்டனர். ஆபிரிக்காவுக்கு வெளியே அதனினும் பழைய வில்லம்புச் சான்று அப்பொழுது அறியப்பட்டிருக்கவில்லை. உயர்மரக் கிளையிற் பாயும் குரங்கை வீழ்த்துதல் எளிதன்று என்பதை எண்ணிப் பார்ப்பின் அக்கருவியின் அருமை புலனாகும்.

நிற்க. இவர்களை நாகரிகமுடையோர் என்பதா? எமது விரிவுரைகளிலே கோடன் சைல்ட் இன்றும் மதிப்பிழக்கவில்லை. காட்டாண்டி நிலை, அநாகரிக நிலை, நாகரிக நிலை என்னும் மோர்கனின் படிகளை உற்பத்தியின் அடிப்படையிலே செப்பஞ்செய்து, 1950இல் நகரப் புரட்சிக்குப் பத்து அடையாளங்களை அவர் வகுத்தார். பெருங்குடியிருப்பு, உபரி, பெருங்கட்டடம், எழுத்து, முழுநேரத் தொழில்வினைஞர் முதலியன அவற்றுட் சில. மெசப்பொத்தேமியாவுக்கும் சிந்துவெளிக்கும் பொருந்தும் இவ்வளவுகோல் இங்கே வந்தவுடன் முறிகின்றது. குகைவாழ்நரைப் பொறுத்தவரை அது வியப்பன்று. அவர்கள் சைல்டின் முதற்படியில் நிற்போர் என்று தள்ளிவிடலாம். ஆனால் இம்மாகாணத்தின் மற்றொரு கண்டுபிடிப்பை அவ்வாறு தள்ளிவிடுதல் இயலாது.

பலாங்கொடைக்குக் கிழக்கே வளவை கங்கையை மறித்துச் சமனலவெவ நீர்மின் திட்டம் உருவாகிய காலத்தில், நீரில் மூழ்கவிருந்த பகுதியையும் சூழலையும் ஆராய்ந்தவர் ஜில் ஜூலெவ் என்னும் ஆங்கிலேயப் பெண்மணி. மேற்கு நோக்கிய மலைச்சரிவுகளில், முகட்டுக்கு அணித்தாக, இரும்பு உருக்கிய 77 இடங்களை அவர் கண்டார். அவற்றின் காலம் கி.பி. ஏழாம் நூற்றாண்டு முதற் பதினோராம் நூற்றாண்டு வரை. அவ்வுலைகளுக்குத் துருத்தியில்லை, தென்மேல் பருவக்காற்றே துருத்தி. ஆனி முதற் புரட்டாதி வரை இச்சரிவுகளில் ஓயாது வீசும் காற்றை உலையின் அகன்ற முன்சுவர் எதிர்கொள்ளும். சுவரின் மேல்விளிம்பைக் காற்றுத் தாண்டும்போது அங்கு அமுக்கம் குறைய, சுவரின் அடியிலுள்ள குழாய்கள் வழியே வளி உள்ளே இழுக்கப்படும். ஒவ்வோர் உருக்கலின் பின்னரும் முன்சுவரை இடித்து இரும்பை எடுத்து, மறுபடி சுவரெழுப்புவர்.

காற்றை நம்பும் உலை பண்படாதது, நிலையற்றது, அதிலிருந்து நல்ல இரும்பு வாராது என்பதே அதுவரை உலோகவியல் வரலாற்றாசிரியர் கருத்து. ஜூலெவ் வாதத்தோடு நிற்கவில்லை. 1994இல் அதே சரிவில், அதே வடிவில் உலை கட்டி, அதே காற்றில் இரும்பை உருக்கிக் காட்டினார். கிடைத்ததோ காபன் மிகுந்த உருக்கு. 1996இல் 'நேச்சர்' இதழ் இதனை வெளியிட்டது. ஒன்பதாம் நூற்றாண்டில் வாழ்ந்த அல்-கிந்தி வாள்களைப் பற்றி எழுதுகையிற் சரந்தீபத்து உருக்கைக் குறிப்பிட்டதற்கு அன்றுதான் மண்ணிலே விளக்கம் கிடைத்தது. கொடுமணலின் மூசை உருக்கைப் பற்றிப் பெருமை பேசும் எம்மவர், அதே பெருமைக்குரிய மற்றொரு நுட்பம் தம் வாயிற்படிக்கு அண்மையில் இருந்ததை அறியாதிருப்பது வருந்தத்தக்கது. எமது ஆனந்த குமாரசுவாமி இப்பகுதியில் எஞ்சியிருந்த உருக்குத் தொழிலைக் கண்டு 1908இல் வெளியான தம் பெருநூலில் விவரித்தவர் என்பதையேனும் நாம் நினைவிற் கொண்டிருக்கலாம்.

இவ்விரும்புருக்குநரைச் சைல்டின் அட்டவணையில் எங்கே வைப்பது? இவர்களுக்கு நகரில்லை; பெருங்கட்டடமில்லை; தம்மைப் பற்றி இவர்கள் எழுதி வைத்ததாகவும் தெரியவில்லை. முழுநேரத் தொழில்வினைஞர் என்று சொல்லவும் தயக்கமே. காற்று நான்கு மாதமே வீசுமாதலின் எஞ்சிய மாதங்களில் இவர்கள் சேனை செய்திருத்தல் கூடும் என்பது என் ஊகம். ஆயினும் ஊருக்கு வேண்டிய அரிவாளுக்கும் மண்வெட்டிக்கும் 77 இடங்கள் வேண்டா. இவர்களின் உருக்கு எங்கோ விற்கப்பட்டது. எவரோ அதனாற் செல்வரானார். அச்செல்வர் நகரிலே விகாரையும் கோயிலும் எழுப்பியிருப்பின் அக்கட்டடமே நாகரிகமெனப் பெயர்பெற்றிருக்கும். சரிவில் எஞ்சிய கிட்டம் கிட்டமாகவே கிடந்திருக்கும். நாகரிகம் எங்கே நுகரப்பட்டது என்பதைச் சைல்டின் பத்து அடையாளங்கள் நன்கு காட்டுகின்றன. எங்கே ஆக்கப்பட்டது என்பதை அவை காட்டவில்லை. உழைப்பை அடிப்படையாகக் கொண்டு வரலாற்றை எழுதிய ஒருவரின் அளவுகோலே இவ்வாறாயிருப்பது முரண்.

இனி வாசிப்புக்கு வருவோம். பலாங்கொடை மனிதன் இன்று சிலருக்குச் சிங்களரின் மூதாதை. வேறு சிலருக்கு இராவணனின் குடி. எம்மவருட் சிலர் அவனை நாகரென்பர். குமரிக்கண்டத்தை இன்னும் கைவிடாதார் அவனை அங்கிருந்து கரையேறியவன் என்பர். பல்லில் உள்ள சமதானி அவன் எந்தக் காட்டில் உண்டான் என்பதைச் சொல்லும். எம்மொழி பேசினான் என்பதைச் சொல்லாது. சமனலவெவ உலைகள் பதினோராம் நூற்றாண்டோடு ஓய்ந்தன. அந்நூற்றாண்டிலேதான் சோழராட்சி இத்தீவில் நிலைபெற்றது. இவ்விரண்டையும் அருகருகே வைத்தவுடன் ஒருவர் சோழர் அழித்தார் என்பார். மற்றவர் சோழர் அதனைக் கைப்பற்றவே வந்தார் என்பார். சமகாலத்தன என்பதனால் இரு நிகழ்ச்சிகள் காரணமும் காரியமும் ஆகிவிடா என்னும் முதற்பாடம் இவ்விருவருக்கும் மறந்துவிடும்.

இது வெறும் ஏட்டுப்பிழையாயின் சிரித்துவிட்டுப் போகலாம். கூரகலவைப் பாருங்கள். ஆதிமனிதனின் எலும்பு கிடைத்த அதே பாறைத்தொடரிற் பௌத்த துறவியரின் குகைகள் உண்டு. தப்தர் ஜெய்லானி என முஸ்லிம்கள் போற்றும் தலமும் உண்டு. ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகப் பலர் வந்து தங்கிய இடம் அதுவென்பதே அதன் சிறப்பு. 2013இல் அவ்விடம் எவருக்குரியது என்னும் சர்ச்சை வெடித்தபோது, மூவடுக்கும் ஒருங்கே கூறிய செய்தி எவர் காதிலும் விழவில்லை. எந்த அடுக்கு உறுதிப்பத்திரம் என்பதே வினாவாயிற்று. தொல்பொருளைக் காணியுறுதியாக வாசிக்கும் வழக்கத்தின் இயல்பான முடிவு இது.

இவ்வழக்கத்தை அறிவுத்தளத்தில் வலிமையாக மறுத்தவர் பேராசிரியர் கா. இந்திரபாலா. 2005இல் ஆங்கிலத்திலும் பின்னர் தமிழிலும் வெளிவந்த அவருடைய நூல், தாம் 1965இல் எழுதிய ஆய்வேட்டின் முடிபுகளையே திருத்தியது. அந்நேர்மை எமது புலமை மரபில் அரிது. சிங்களரும் தமிழரும் வெளியிலிருந்து கூட்டமாக வந்து குடியேறியோரல்லர், இத்தீவின் ஆதிக்குடிகளே பரிமாற்றங்களினால் வெவ்வேறு மொழிகளை மேற்கொண்டு இரு இனக்குழுக்களாயினர் என்பது அவர் கருத்து. பெரும்பாலும் ஏற்கத்தக்கதே. எனினும் அதனை மேற்கோளாகக் காட்டும் எம்மவரிடம் ஒன்றைக் கேட்க வேண்டியுள்ளது. இரு தரப்பாரும் பழையோர், ஆதலின் இரு தரப்பார்க்கும் உரிமை என்பதே அவர்கள் அந்நூலிலிருந்து எடுக்கும் முடிவு. உரிமைக்குப் பழைமையே ஆதாரம் என்னும் எடுகோள் அவ்வாறே நிற்கின்றது. உறுதியில் இன்னொரு பெயர் சேர்க்கப்பட்டது, அவ்வளவே. அந்நூலின் கால எல்லை கி.பி. 1200, பத்தொன்பதாம் நூற்றாண்டில் வந்தோர் அதிலே இடம்பெறாமை ஆசிரியரின் குறையன்று. ஆனால் அந்த எடுகோளை ஏற்போர், அவ்வாறு வந்தோருக்கு என்ன விடை வைத்திருக்கின்றனர்?

1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் தோட்டத் தொழிலாளரிடம் கேட்டதும் ஒருவகைத் தொல்லியற் சான்றே. தந்தை இந்நாட்டிற் பிறந்திருத்தல் வேண்டும்; அன்றேல் பாட்டனும் பூட்டனும் பிறந்திருத்தல் வேண்டும். பிறப்புப் பதிவு ஒழுங்காக இல்லாத லயங்களில் மூன்று தலைமுறையை அகழ்ந்தெடுத்துக் காட்டுவது குகையை அகழ்வதிலும் கடினம். என் பாட்டனார் அதற்காகச் சேர்த்த பழுப்பேறிய துண்டுகள் ஒரு தகரப் பெட்டியுள் இன்றும் உள்ளன. 2003ஆம் ஆண்டின் சட்டம் அவ்வநீதியைப் பெருமளவு தீர்த்ததாயினும், எத்தனை காலமாக இங்கே இருக்கின்றீர் என்னும் வினா எம்மவர் நாவிலேயே தங்கிவிட்டது. 2023இல் மலையக மக்கள் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடந்து இருநூறாண்டை நினைவுகூர்ந்தபோது நானும் நெகிழ்ந்தேன். ஆயினும் உரிமை கோருமுன் ஆண்டுகளை எண்ணிக் காட்ட வேண்டியிருந்ததே என்னும் உறுத்தலும் உடனிருந்தது. நாற்பதாயிரத்தோடு ஒப்பிட இருநூறு எம்மாத்திரம்? அநுராதபுரத்தின் இரண்டாயிரத்தைந்நூறும் அப்படித்தான்.

ஆகவே இம்மாகாணத்தின் கண்டுபிடிப்புகளைக் குலமுறையாக வாசிப்பதை விடுத்துத் தொழின்முறையாக வாசித்தல் நன்று. அவ்வாறு வாசிப்போர்க்குக் களத்திலேயே துணை உண்டு. மாணிக்கக் குழியில் இறங்குபவன் மண்ணின் அடுக்கைக் கையினால் அறிவான். இல்லம் எத்தனை முழத்தில் வரும் என்பதை மேல்மண்ணின் நிறத்தைக் கொண்டே சொல்லுவான். கவ்வாத்துக் கத்தியைத் தீட்டுபவனுக்கு உருக்கின் தரம் தெரியும். இறப்பர்ப் பால் வெட்டுவோர் விடியுமுன்னே நடக்கும் சரிவுகளிலே கற்சில்லும் கிட்டமும் காலில் இடறுகின்றன. நான் வாசித்த அறிக்கைகளிலே இவர்கள் கூலியாட்களாக வருகின்றனர். தகவல் தந்தோராக மிக அரிதாகவே வருகின்றனர். கிறீனும் போலும் கல் பொறுக்கிய காலத்து நிலைமையிலிருந்து இவ்வொரு விடயத்தில் நாம் அதிகம் நகரவில்லை.

பலாங்கொடைப் பக்கத்துத் தோட்டங்களில் ஆனி மாதம் பிறந்ததும் லயத்துக் கூரைத் தகரங்களின் மேற் கல்லும் மண்மூட்டையும் ஏற்றுவார்கள். எந்தச் சரிவிற் காற்று அடித்துப் புரட்டும், எந்த மடிப்பில் அது தணியும், முகட்டிலிருந்து எத்தனை அடி கீழே அதன் வேகம் மிகும் என்பன அங்குள்ள பெண்களுக்கு மனப்பாடம். எழுபத்தேழு உலைகளையும் எங்கே கட்டுவது என்று தெரிந்திருந்தவர்களுக்கும் இதுவே தெரிந்திருந்தது.